ஐந்து மணிக்குத்தான் டாக்டர் வருவாங்க

"சூடுதான் முதல்ல, சார்," என்று பிராணி கிளினிக்கில் இருக்கிற பெண் போனில் சொல்லியிருந்தாள். "பாலு கீலு எதுவும் குடுத்துராதீங்க. உடம்பு சில்லுனு கிடக்கையில வாயில எது விட்டாலும் செரிக்காது, அதுவே எமனாப் போயிரும். சூடு ஏத்துங்க. உடம்பு வெதுவெதுன்னு ஆனப்புறம் சீனித் தண்ணி ஒவ்வொரு சொட்டா விட்டுப் பாக்கலாம். டாக்டரம்மா அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க." சற்குணம் அதைத் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொண்டு ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகு பீரோவில் சாய்ந்திருந்தது. மடியில் மடித்துப் போட்ட பூந்துண்டு, துண்டுக்குள் பழைய பனியன் சுற்றிய வெந்நீர் பாட்டில், பாட்டிலை ஒட்டி அந்தப் பூனைக்குட்டி. சாம்பல் நிறம், அதற்குள் கறுப்புக் கோடு, வால் என்று சொல்ல ஓர் ஆணி நீளம். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும், அதற்குள் இரண்டு இமையும் பீளை கட்டி ஒட்டிப்போய், பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்து ஒரு கண்ணை மட்டும் கீறலாகத் திறக்க முடிந்திருந்தது. அந்தக் கீறல் வழியாக அது எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மணி ஒன்று தாண்டிவிட்டது, அரசாங்க மாட்டாஸ்பத்திரி காலையோடு சரி, காலையில் இவர் ஆராதனைக்குக் கோவிலுக்குப் போய்விட்டார், போகும்போது அது கிடந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார், தூங்குகிறது என்று நினைத்தார். தூங்குகிற குட்டிக்கும் விழுந்துகிடக்கிற குட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. தூங்குகிற குட்டி சுருண்டு கிடக்கும். இது போட்டது போட்டபடி நீண்டு கிடந்தது. வெளியே ஆனி மாதத்துக் காற்று பாளையங்கோட்டையையே பெயர்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது, பின்கதவு நாதாங்கியில் மோதி மோதிக் கொட்டியது, எழுந்து போய் அதைச் சாத்தலாம், சாத்தினால் மடி கலையும், மடி கலைந்தால் சூடு போய்விடும். கொட்டட்டும். அவர் உள்ளங்கையைக் குட்டியின் முதுகுமேல் கவிழ்த்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களின் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்திய கை, ஒரு கைக்குள் குட்டி முழுவதும் மறைந்துவிட்டது, மறைந்ததும் பயம் வந்தது, கையை எடுத்துப் பார்த்தார், விலா மேலும் கீழும் போய்க்கொண்டுதான் இருந்தது, மறுபடி கவிழ்த்தார்.

தாய்ப் பூனைக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது, எங்கே சுற்றிப் போனாலும் நினைப்பு அங்கே வந்து மாட்டிக்கொண்டது. பின்புறம் துணி துவைக்கிற இடத்தில் கிடந்த அட்டைப் பெட்டிக்குள் அது குட்டி போட்டதையே இவர் தாமதமாகத்தான் கவனித்தார். விரட்ட மனசில்லை. பூனைக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, இவர் வந்தால் அது சுவரேறும், இவர் போனால் அது இறங்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுக்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தபோதே அது ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு மதிலேறிப் போனது. திரும்பி வந்தது. இன்னொன்றைக் கவ்வியது. போனது. வந்தது. கடைசியாக இது ஒன்றுதான் மிச்சம், இதையும் எடுத்துக்கொண்டு போகும் என்று இவர் அடுப்பில் பால் பொங்கி வழிகிறவரை நின்று பார்த்தார். அது வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது, வந்து பெட்டி ஓரத்தில் முன்னங்காலை வைத்து உள்ளே பார்த்தது, மோந்தது, காதுக்குப் பின்னால் ஒரு தடவை நக்கிக் கொடுத்தது. பிறகு சுவரேறிப் போய்விட்டது. அந்த ஒரு தடவை நக்கியதை என்னவென்று எடுத்துக்கொள்வது? போயிட்டு வாரேன் என்றா, இனி வரமாட்டேன் என்றா? மனைவி ஞானப்பூ படுக்கையில் விழுந்த புதிதில் வீடு கொள்ளாமல் ஆள் வந்தது. ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமும் மேசையில் குவிந்தன, ஜெபம் செய்தார்கள், அழுதார்கள், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு பண்டிகைக்கு. அவளுடைய கூடப்பிறந்த அக்காள் கடைசியாக வந்த அன்றைக்கு நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனாள், ரொம்ப மெதுவாகத் தடவினாள், செருப்பைப் போடும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எடுத்துச் செல்ல முடிகிறதைத்தானே யாரும் எடுத்துச் செல்வார்கள். எடுக்க முடியாததை நக்கிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வேண்டியிருக்கிறது.

யாரோ கதவைத் தட்டினார்கள், தட்டிவிட்டுத் தானே தள்ளிக்கொண்டு வந்தார்கள், மாடி வீட்டு ராபியா. போன் நம்பர் கொடுத்ததே அவள்தான், அவள் தம்பி வீட்டில் நாய் வளர்க்கிறார்கள். இப்போது கையில் ஒரு ஃபில்லரும் பிள்ளைக்குப் போடுகிற கம்பளிக் குல்லா ஒன்றும் வைத்திருந்தாள். "அண்ணாச்சி, இத வச்சுப் பாருங்க. சின்னவனுக்கு வைட்டமின் சொட்டு குடுத்த ஃபில்லரு, வெந்நீர்ல அலசிட்டேன். உசுரு இருக்கா?"

"இருக்கும்மா. கை வச்சாத் தெரியுது."

அவள் குனிந்து குல்லாவை விரித்துக் குட்டியை அதற்குள் இடுப்பு வரைக்கும் நுழைத்தாள். வெளியே தெரிந்த தலையைப் பார்த்துச் சிரிக்கப்போனவள் சிரிக்கவில்லை. "நல்லா கூத்து போங்க. இப்பதான் மனுஷர் மாதிரி காலையில நடக்கப் போறாரு, நாலு பேரப் பாக்காருன்னு நெனச்சேன். மறுபடியும் ஒரு நோயாளியப் பிடிச்சு மடியில வச்சுக்கிட்டீங்களே, அண்ணாச்சி."

"நான் எங்கம்மா பிடிச்சேன்? அது கிடந்துச்சு."

"கிடந்ததெல்லாம் நீங்கதான் தூக்கணுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்ச் சீனியும் வெந்நீரும் கலந்து சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள், போகிற போக்கில் பின்கதவையும் சாத்தினாள். கொட்டுகிற சத்தம் நின்றதும் வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது, அவருக்கு அது பிடிக்கவில்லை, சத்தம் இருந்தபோது அதன்மேல் கொஞ்சம் பயத்தைச் சாய்த்து வைக்க முடிந்தது. "பிரியாணி வச்சிருக்கேன், தட்டுல போட்டு அனுப்பவா?" என்று வாசலில் நின்று கேட்டாள். அப்புறம் வாரேன் என்றார்.

குட்டியின் வயிற்றடி இப்போது கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது, அல்லது தன் கையின் சூடுதான் தனக்கே திரும்பி வருகிறதா? ஃபில்லரில் சீனித் தண்ணீரை இழுத்தார். மல்லாக்கப் போட்டு ஊற்றக்கூடாது, குப்புற வைத்து, தலையை மேலே தூக்காமல், கடைவாயில் ஒரு சொட்டு, அது நக்குகிறதா என்று பார்த்து, நக்கினால் மட்டும் இன்னொரு சொட்டு. நக்காவிட்டால் ஈறில் தடவிவிட்டு நிறுத்திவிட வேண்டும். அந்தப் பெண் சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் அவருக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. விழுங்குவதைப் பற்றி அவருக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் ஞானப்பூ கூடவே நின்று படித்த பாடம். தாடை நெஞ்சைத் தொடவேண்டும், அம்மா, குனிங்க, குனிஞ்சு விழுங்குங்க, நிமிர்ந்தா புரையேறும். தண்ணீர்தான் ஆபத்து, கஞ்சி பரவாயில்லை, தண்ணீர் ஒழுங்கில்லாத ஜந்து, எந்த வழியென்று பார்க்காது, நெஞ்சுக்குள் இறங்கிச் சளியாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஞானப்பூ குடித்த தண்ணீரில் எல்லாம் மாவு கலந்திருந்தது. கஞ்சித் தண்ணீர், மாவுத் தண்ணீர். வெறும் தண்ணீருக்காக அவள் கண் குடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு கோடை மத்தியானம் துணியை நனைத்து உதட்டில் வைத்தார், அவள் துணியைப் பற்களால் கவ்விக்கொண்டு விடவேயில்லை. இவர் இழுத்தார், அவள் விடவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்ததில் புரையேறி அரைமணி நேரம் இருமினாள். இப்போது சொட்டு குட்டியின் கடைவாயில் முத்தாக நின்றது. உள்ளே போகவுமில்லை, வெளியே வழியவுமில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். குனி, என்றார், தன்னையறியாமல், குனிஞ்சு விழுங்கு. இளஞ்சிவப்பாக, ஒரு பூவிதழின் ஓரம் அளவுக்கு ஒரு நாக்கு வெளியே வந்து, அந்தச் சொட்டைத் தொட்டு, உள்ளே போனது.

நல்லது. சரி. இன்னொன்று. சரி, சரி. அந்த வார்த்தை வாயில் வந்ததும் அவர் ஃபில்லரைக் கிண்ணத்தில் போட்டுவிட்டார். ஞானப்பூவுக்கு மிஞ்சின வார்த்தை அது ஒன்றுதான். மூளையில் ரத்தம் கட்டியதில் அவளுடைய பேச்சு முழுவதும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், பிள்ளைகள் வாயால் ழகரம் வரவழைத்தவள், பாட்டு, ஜெபம், ஏச்சு, எல்லாம் போய் வீட்டில் வெள்ளம் வடிந்தபின் ஒரு சொம்பு மட்டும் ஒட்டிக் கிடக்கிற மாதிரி அந்த 'சரி' கிடந்தது. தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், மகன் ஜோயலின் பிள்ளை படத்தைப் போனில் காட்டினால் அதற்கும் அதுதான், மாட்டேன் என்பதற்கும் 'சரி' என்றுதான் சொல்லவேண்டியிருந்தது அவளுக்கு, சொல்லிவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டிக் கோபத்தில் அழுவாள். மெல்ல மெல்ல இவருக்குப் பிடிபட்டது. மைதானத்தில் விசில் மாதிரி. நீட்டி ஊதினால் ஒன்று, வெட்டி ஊதினால் ஒன்று, இரண்டு தடவை ஊதினால் இன்னொன்று. இழுத்த 'சரீ' என்றால் தண்ணீர். முறித்த 'சரி' என்றால் ஃபேனை நிறுத்து. மூக்கால் வந்தால் படுக்கை நனைந்துவிட்டது. தொண்டைக்குள்ளேயே நின்றால் பக்கத்தில் உட்காரு. ஒரு கட்டத்தில் அவளுடைய எந்தச் 'சரி'யும் இவருக்குப் புரியாமல் போனதில்லை, கல்யாணமாகி அவள் வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்த காலத்தில்கூட அவ்வளவு கேட்டதில்லை. அந்தக் கடைசி ராத்திரி விளக்கை அணைத்தபின் இருட்டுக்குள்ளிருந்து ஒன்று சொன்னாள். அது எந்தச் 'சரி'? இழுக்கவில்லை, முறிக்கவில்லை, மூக்கிலும் வரவில்லை. சாதாரணமாக, உடம்புக்கு ஒன்றும் வராத ஒரு பெண் வாசலில் நின்று யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி இருந்தது. எழுந்து விளக்கைப் போட்டு முகத்தைப் பார்த்திருக்கலாம். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. காலையில் பார்ப்போம் என்று நினைத்தார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார், குளிக்கும்போது, நடக்கும்போது, கோவிலில் எல்லோரும் ஆமென் சொல்லும்போது. அந்த ராகம் மட்டும் வரவில்லை.

போன் அடித்தது. ஜோயல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஆனதும் புனேயிலிருந்து கூப்பிடுவான், மகன் கடமையில் குறை வைக்கிறவன் இல்லை.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்பிடணும். மடியில பூனைக்குட்டி கிடக்குடே. உடம்பு முடியல அதுக்கு."

"பூனையா?" ஜோயல் சிரித்தான். "அம்மாவுக்குப் பூனைன்னாலே ஆகாதேப்பா. தொடப்பத்தைத் தூக்கிட்டுல்லா விரட்டுவாங்க."

வாஸ்தவம்தான். ஞானப்பூவுக்குப் பூனை ஆகாது. அடுக்களை ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்ததே அவள்தான். அவள் நினைவாக இதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. "சாயங்காலம் டாக்டர்ட்ட காட்டணும்," என்றார்.

"காட்டுங்க, காட்டுங்க. ரொம்ப மனசுல போட்டுக்காதீங்கப்பா. தாயில்லாத குட்டி தங்காதும்பாங்க." பின்னால் டி.வி. சத்தம், பிள்ளை எதற்கோ அடம்பிடிக்கிற சத்தம். "அங்க தனியா இருந்து என்னப்பா செய்யுதீங்க? இங்க வந்துருங்க. அவளும் கேட்டுக்கிட்டேதான் இருக்கா."

"பாப்போம்டே."

"எப்பவும் இதையே சொல்லுதீங்க."

போனை வைத்ததும்தான் கவனித்தார், பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கை குட்டியின்மேல் இல்லை, துண்டு விலகிக் கிடந்தது. பாட்டில் ஆறிப்போயிருந்தது. இடது கையில் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து போய் வலது கையால் அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் சுடுவதற்குள் சட்டைப் பித்தானைக் கழற்றிக் குட்டியைத் தோலோடு தோலாக உள்ளே விட்டுக்கொண்டார். நெஞ்சு முடிக்குள் அது ஈரமாக, எலும்பாக, கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததாக இருந்தது. பிடரித் தோலை விரலால் கிள்ளி விட்டார், கிள்ளினது கிள்ளினபடியே கூடாரம் மாதிரி நின்றது, இறங்கவில்லை. உடம்பில் நீரில்லை. இது எப்படியும் ஐந்து மணிக்குத் தாங்காது. தாங்காது என்று ஒரு குரல் சொன்னது, அந்தக் குரலில் வருத்தத்தைத் தேடினார், வருத்தம் இருந்தது, அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. சீக்கிரம் ஆகிவிட்டால் தேவலை. அதுதான். அதை முழுதாகக் கேட்டுவிடுமுன் பாட்டிலை எடுத்து வெந்நீரை ஊற்றினார், கையில் கொட்டியது, கொட்டட்டும் என்று விட்டார். அந்த நினைப்பு அவருக்குப் புதியதில்லை, பழைய ஆள், மூன்றரை வருஷம் வீட்டில் ஒரு நாற்காலியே போட்டு வைத்திருந்தார் அதற்கு. ஞானப்பூவின் முதுகுப் புண்ணைக் கழுவும்போது வரும். ஈரச் சேலையை உருவும்போது வரும். முடிந்துவிடாதா ஆண்டவரே என்று. யாருக்கு முடியவேண்டும், அவளுக்கா, தனக்கா? அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்வார், அவள் படுகிற பாட்டைப் பார்க்கமுடியாமல்தான் என்று. அப்படிச் சொல்லிக்கொண்டே கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது கண்ணாடியில் தெரிகிற முகம் ஒப்புக்கொள்ளாது. கோவிலில் எல்லோரும் சொன்னார்கள், சற்குணம் சார் மாதிரிப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, பெண்டாட்டிக்கு இப்படிச் செய்கிற ஆம்பிளை உண்டா என்று. அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தார்கள்.

மறுபடி தரையில் உட்கார்ந்து புதிய சூட்டில் குட்டியைக் கிடத்தினார். வாயைத் திறந்து ஒரு மூச்சு வாங்கியது. பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று. தலை மெல்லப் பின்னால் வளைந்தது. பின்னங்கால்கள் விறைத்து நீண்டு, மறுபடி தளர்ந்தன. அவர் விரலை விலாவில் வைத்துக் காத்திருந்தார், விரலுக்கடியில் ஏதாவது அசையும், அசையும், அசைகிறதா, அது தன் விரல் நரம்பு துடிக்கிறது. ஃபில்லரால் ஈறில் தடவினார். நாக்கு வரவில்லை. மாடியில் ராபியாவின் பிள்ளைகள் எதையோ உருட்டி விளையாடினார்கள். அவ்வளவுதான் என்றார், சத்தமாக. அவ்வளவுதான், முடிந்தது. குட்டியைக் குல்லாவோடு பக்கத்தில் தரையில் வைத்தார், துண்டின் ஓரத்தை இழுத்து முகத்தை மூடினார். மணி மூன்றரை இருக்கும். பின்புறம் முருங்கைக்கடியில் மண் இளக்கமாக இருக்கும், மண்வெட்டி எங்கே, மேலே பரணில். வெயில் தாழட்டும். கிளினிக்குக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லவேண்டும். ராபியா சொன்ன பிரியாணியை வாங்கிச் சாப்பிடலாம். இப்படி ஒவ்வொன்றாக ஒழுங்காக வந்து நின்றன, வரிசையில் நிற்கிற பையன்கள் மாதிரி. தோள் இரண்டும் இறங்கின. காலையிலிருந்து கல்லாக இருந்த பிடரி விட்டுக்கொடுத்தது. அவர் அப்படியே தரையில் குட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்தார், கை தலைக்கடியில் போனது, சிமெண்டுத் தரை குளுகுளுவென்று இருந்தது. இந்தச் சுகம் தெரிந்த சுகம். அந்த விடியற்காலை, கை வைத்துப் பார்த்து, மூக்கருகில் கன்னத்தை வைத்துப் பார்த்து, இல்லை என்று தெரிந்தபின் அவர் யாரையும் கூப்பிடவில்லை. புனேக்குப் போன் போட்டு ஜோயலை எழுப்பவில்லை. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தன் கட்டிலில் படுத்தார், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார், தூங்கிப்போனார். எப்பேர்ப்பட்ட தூக்கம். காது கொடுத்துத் தூங்காத தூக்கம். இன்னும் கொஞ்ச நேரத்தில் திருப்பிப் படுக்கவைக்கவேண்டும் என்று பாதி மனம் எழுந்து உட்கார்ந்திராத தூக்கம். பால்காரர் மணியடிக்கிறவரைக்கும் அவள் ஒரு பக்கம் குளிர்ந்துகொண்டிருக்க இவர் ஒரு பக்கம் குறட்டை விட்டிருக்கிறார். எழுந்தபோது உடம்பு காற்றாக இருந்தது. அப்புறம் எத்தனை பேர் வந்து அழுதார்கள், சவப்பெட்டியை மூடும்போது ஜோயல் விழுந்து அழுதான், இவருக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. தூங்கி எழுந்த முகத்தில் எப்படி வரும்? அன்றைக்குத் தூங்கினவன் அழ உரிமையில்லாதவன் என்று தோன்றியது, இன்றுவரைக்கும் அப்படியே தோன்றுகிறது. இமை கனத்தது. காற்று ஓய்ந்திருந்தது.

ஒரு சத்தம். கண் அயர்ந்து எவ்வளவு நேரமோ, கதவுக் கீல் என்று நினைத்தார். கதவு சாத்தியிருக்கிறது. மறுபடி, நூல் மாதிரி, பக்கத்திலிருந்து, காதுக்குப் பக்கத்திலிருந்து. துண்டைப் பறித்து எறிந்தார். வாய் திறந்திருந்தது, வாய் முழுக்க நாக்கும் அண்ணமும் தெரியத் திறந்து அது கத்தியது, காலையிலிருந்து கத்தாத குட்டி, சத்தம் பாதிதான் வந்தது, மீதிக்கு மூச்சில்லை. முன்னங்கால் ஒன்று குல்லாவுக்கு வெளியே வந்து காற்றைத் துழாவியது, துழாவி அவர் மூக்கில் பட்டது, முள் மாதிரி நகங்கள், ஒட்டிக்கொண்டன. "ஐயோ," என்றார் சற்குணம். "ஐயோ, ஐயோ, நான் முகத்தை மூடிட்டேனே." எப்படி எழுந்தார், எப்படிச் சட்டைக்குள் போட்டார், செருப்பு மாட்டினாரா இல்லையா, வீட்டைப் பூட்டவில்லை. மாடிப்படியில் நின்ற ராபியா, "என்ன அண்ணாச்சி, என்னாச்சு?" என்று கத்தினாள். "இருக்கும்மா, இருக்கு!" என்று கத்திக்கொண்டே கேட்டைத் தள்ளினார். ஆட்டோவில் உட்கார்ந்தபின் ஒரு கையால் கம்பியைப் பிடித்து இன்னொரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், யாராவது பார்த்தால் நெஞ்சுவலிக்காரன் என்று நினைப்பார்கள். பள்ளத்தில் பார்த்துப் போங்க, தம்பி. அவர் மனசில் இப்போது வேறு ஒன்றுமில்லை. எங்கே தேடினாலும் அந்த நாற்காலி காலியாக இருந்தது, சீக்கிரம் முடியட்டும் என்கிற அந்த ஆள் எழுந்து போயிருந்தான். இரு, என்றார் சட்டைக்குள் குனிந்து. இருந்திரு. ராவும் பகலும் பார்த்துக்கிடுதேன், ரெண்டு மணிக்கொரு தரம் எழும்புதேன், எனக்குப் பழக்கம்தான், எத்தனை வருஷம் வேணும்னாலும் எழும்புதேன், எனக்கு வேற வேலை கிடையாது. இருந்திரு. மார்க்கெட் திருப்பத்தில் ஆட்டோ நின்றபோது அது ஒரு தடவை அசைந்தது. அசைந்ததா? அசைந்தது. இது நரம்பு இல்லை.

கிளினிக் ஷட்டர் பாதி திறந்திருந்தது. டாக்டரம்மா அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள், முப்பது வயசுகூட இருக்காது, ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க சார்," என்றாள். மேசையில் கிடத்தியதும் அவள் கை வேகமாக வேலை செய்தது, ஒன்றையும் அவரிடம் கேட்கவில்லை, சின்ன ஊசியால் தோளுக்கடியில் சலைன் ஏற்றினாள், ஈறில் எதையோ தடவினாள், காதில் குழாயை மாட்டிக் கேட்டாள். குட்டி கண்ணைத் திறந்தது. பீளை கட்டிய கண் இல்லை, அவர் துடைத்துத் திறந்துவிட்ட மற்றக் கண், நீலமும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறம், அது அவர் பக்கமாகத்தான் இருந்தது. பிறகு பார்வை அப்படியே நின்றது. டாக்டரம்மா இரண்டு விரலால் நெஞ்சைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள், குனிந்து அதன் மூக்கில் தன் வாயால் ஊதினாள், மறுபடி தேய்த்தாள். பிறகு குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள், கேட்கும்போது அவள் கண் சுவரில் எங்கேயோ இருந்தது.

"இல்ல, சார்," என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் சூடா வச்சிருந்திருக்கீங்க. ரொம்பச் சின்னது, சார், இதுகளுக்கு ஒண்ணு வந்துட்டா நேரமே குடுக்காது." அவர் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஏதாவது கேட்டால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோ என்னமோ, கேட்டாள். "எவ்வளவு நாளா வச்சிருந்தீங்க?"

"மூன்றரை வருஷம்," என்றார் சற்குணம்.

டாக்டரம்மா தன் கையடியில் கிடந்ததைப் பார்த்தாள். பல்கூட முளைக்காத வாய். அவருக்கும் தான் சொன்னது காதில் விழுந்தது. திருத்தலாம் என்று வாயைத் திறந்தார், ரெண்டு நாள்தாம்மா என்று சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமைதான் தாய் விட்டுட்டுப் போச்சு என்று சொல்ல வேண்டும். திறந்த வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ. முதலில் அது இருமல் மாதிரி இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கேட்கும்படி முப்பது வருஷம் பழக்கிய தொண்டை, அடக்கி அழ அதற்குத் தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து கிளம்பி அந்தச் சின்ன அறை முழுவதும் நிறைந்தது, ஞானப்பூ என்றார், பூவே என்றார், கல்யாணமான புதிதில் யாருமில்லாதபோது கூப்பிட்ட பேர். வெளியே பெஞ்சில் நாயோடு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா ஒரு கையைக் குட்டியின் மேலிருந்து எடுக்கவேயில்லை. மற்றக் கையை நீட்டி, எட்டி, கதவைச் சாத்தினாள்.